எங்கும் இருப்பவனுக்கு ஓர் இடம்

மும்பையை அடுத்த அம்பர்நாத் சிவன் கோயிலில் சாமியைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். மண்டபத்திலிருந்து ஏறக்குறைய இருபது படிகள். கருவறை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. லிங்கத்தின் முன்னால் நின்று தலையை உயர்த்தினால் கூரை இல்லை, வானம் தெரிகிறது. மேலே எழும்ப வேண்டிய விமானம் மண்டபத்தின் உயரத்தைச் சற்றே தாண்டியதும் நின்றுபோயிருக்கிறது. பாண்டவர்கள் ஒரே இரவில் கட்டத் தொடங்கினார்கள், முடிவதற்குள் விடிந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். கல்வெட்டு சொல்வது வேறு: சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060, சிலாஹார மன்னர்கள் காலம். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் முதன்முதலாக அந்தப் படிகளில் இறங்கியது 1984-இல், இருபத்து மூன்று வயதில். பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். எனக்கு அம்பர்நாத்தில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சயானில் லோக்கல் ஏறி, அம்பர்நாத்தில் இறங்கி நடப்பேன். ஒரு திங்கட்கிழமை, ஷிஃப்ட் முடிந்து, கோயிலுக்குப் போனேன். கருவறைக்குள் ஒதுங்கி நின்ற என்னிடம் மராட்டி மூதாட்டி ஒருத்தி தன் செம்பை நீட்டி, நீயே ஊற்று என்று சைகை காட்டினாள். ஊற்றினேன். குளிர்ந்த கல்லை என் கையால் தொட்டேன்.

என் தாத்தா ஊரில் கோயில் வாசலைத் தாண்டியதில்லை. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் எங்கள் மக்களை அழைத்துப் போனதை அப்பா சொல்லியிருக்கிறார். உள்ளே போவது ஒன்று, தொடுவது இன்னொன்று. அன்று என் உள்ளங்கையில் இருந்த ஈரத்தை வீடு வந்து சேரும்வரை துடைக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாமி கும்பிடாதவர். "எங்கயும் இருக்கான்னு நீயே சொல்லுத. பொறவு என்னத்துக்குலே ஒரு குழிக்குள்ள எறங்கித் தேடுத?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். அது நாத்திகத்தின் கேள்வி மட்டுமல்ல, பக்தியும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவது வெளியைத்தான். அந்தப் பெயருக்குள்ளும் அம்பரம் இருக்கிறது, அம்பரம் என்றால் வானம். அதனாலோ என்னவோ, அம்பர்நாத் என்ற பெயரை நான் எப்போதும் வானத்துக்கு நாதன் என்றே கேட்டுவந்திருக்கிறேன். வானத்துக்கு நாதனை எந்த ஊரில் போய்ப் பார்ப்பது?

எனக்கு வழி காட்டியவர் அப்பர். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஊர் ஊராக நடந்தார். போன இடத்தில் பாடியதோடு நிற்கவில்லை. உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். இன்றும் அவர் சிலையை அந்த உழவாரத்தைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறோம். எங்கும் இருப்பவனை நினைக்கலாம், துதிக்கலாம். தொண்டு செய்யவோ ஒரு முற்றம் வேண்டும். அதில் புல் முளைக்க வேண்டும். குனிவதற்கு ஒரு முதுகு வேண்டும். எங்கும் இருப்பவன் ஓரிடத்தில் வந்து அமர்வது அவன் தேவைக்காக அல்ல, நமக்கு வேலை கொடுப்பதற்காக. அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

ஆனால் அந்தப் பதில் என்னையே பிடித்துக்கொண்டது. தொண்டு செய்ய வேண்டிய அந்த இடம் எங்கே முடிகிறது? மதில் சுவரோடா?

கோயிலை ஒட்டி வால்துனி ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரை என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருப்பார்கள். இப்போது ஊரில் பலரும் அதை நாலா, அதாவது சாக்கடை, என்றுதான் சொல்கிறார்கள். அதை நாலாவாக்கியதில் என் கையும் உண்டு. எங்கள் கம்பெனியில் கழிவுத் தண்ணீருக்கு டேங்க் இருந்தது, சுத்திகரிக்க ஏற்பாடும் இருந்தது. ஆனால் மழைக்கால இரவு ஷிஃப்டில் மேலிருந்து சொல் வரும். நான் வால்வைத் திறப்பேன். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. விடிவதற்குள் மழை அடித்துக்கொண்டு போய்விடும். அதே வாரத் திங்கட்கிழமை அதே கையால் லிங்கத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் ஒரே கை என்பது எனக்கு உறைக்கவே பல ஆண்டுகள் ஆயின. 2014 நவம்பரில் அந்த ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் உல்லாஸ்நகரில் நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எங்கள் டேங்க் அல்ல. ஆனால் அது எந்த வகை இரவு என்று எனக்குத் தெரியும்.

2019-இல் ஓய்வு பெற்றேன். மகள் அப்போது பிரான்சில் டிஜோன் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள், என்னை அழைத்தாள். அந்தப் பகுதி முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். க்ளூனி என்ற சிற்றூருக்குக் கூட்டிப் போனாள். 1088-இல் அங்கே தொடங்கிய பெரிய மடாலயக் கோயிலைவிடப் பெரியது, ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்தார்கள். இன்று நிற்பது ஒரு சிறு பகுதிதான்.

திரும்பும் வழியில் தோட்டங்களைப் பார்த்தேன். துறவிகள் நூற்றாண்டுகளாகப் பண்படுத்திய நிலம் அது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு; ஆயிரத்து இருநூறுக்கும் மேல். இந்தத் துண்டின் மண் வேறு, பக்கத்துத் துண்டின் மண் வேறு என்று பிரித்து அறிந்து காத்திருக்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அதே 2015-இல் உல்லாஸ், வால்துனி ஆறுகள் மாசுபட்ட வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்துக்கொண்டிருந்தது. அங்கே கோயிலை இடித்தார்கள், மண்ணை விடவில்லை. இங்கே கோயிலைக் காத்தோம், தண்ணீரை விட்டுவிட்டோம். அங்கே எல்லாம் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. அவர்கள் தொழுத இடம் சுவரோடு முடியவில்லை என்று மட்டும் கண்டேன்.

ஊர் திரும்பியதும் வால்துனிக் கரையில் நடந்தேன். அம்பர்நாத்தில் எந்தக் குழாய் எந்த வளைவில் வந்து ஆற்றில் சேருகிறது, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்று முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். நானே திறந்தவற்றையும் சேர்த்து எழுதினேன். அதிகாரிகளிடம் கொடுத்தேன், ஆற்றுக்காகப் போராடுகிற இளைஞர்களிடம் ஒரு பிரதி கொடுத்தேன். புல் செதுக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வால்வு. என் உழவாரம் அந்த நோட்டுதான்.

இப்போதும் திங்கட்கிழமை போகிறேன். செம்புத் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஆற்றிலிருந்து சிவனுக்கு ஒரு கை மொண்டு ஊற்ற முடியவில்லையே என்பது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. முதலில் கரையில் நின்று ஆற்றைப் பார்க்கிறேன், அன்றைக்கு என்ன நிறம் என்று நோட்டில் குறிக்கிறேன். அதற்குப் பிறகே படி இறங்குகிறேன்.