சிக்கனத்தின் கூலி

சிக்கனத்தைப் பழிப்பார் யாரும் இலர். மேடையிலும் பாடநூலிலும் பெற்றோர் அறிவுரையிலும் அதற்கு உயர்ந்த இடமே கிடைத்து வருகிறது. அதனைப்பற்றி எழும் வழக்கும் பெரும்பாலும் ஒன்றே: சிக்கனம் எங்கே முடிகிறது, கருமித்தனம் எங்கே தொடங்குகிறது? பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இப்பொருள் பேசப்பட்டுத் தேய்ந்தே போயிற்று. ஆயினும் அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. ஒரு வீட்டில் பத்து வெள்ளி மிச்சமாகிறது என்றால், அப்பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது? யாருடைய உறக்கத்திலிருந்து, யாருடைய தட்டிலிருந்து அது எடுக்கப்பட்டது? பணம் தானாக மிஞ்சுவதில்லை. கடையில் கொடாத காசுக்கு ஈடாக வீட்டில் யாரோ ஒருவர் வேறொன்றைக் கொடுக்கிறார். அதனைச் சிக்கனத்தின் கூலி எனலாம். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அதனை எழுத ஓர் இடம் இல்லை.

திருவள்ளுவர் சிக்கனத்திற்கெனத் தனி அதிகாரம் வகுக்கவில்லை. வரவையும் செலவையும் அளந்து வாழும் கருத்தைப் பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில், ஆள்வோன் அறிய வேண்டியவற்றுள் ஒன்றாக வைத்தார். பயன்படாது பூட்டிக் கிடக்கும் பொருளின் இழிவை நன்றியில் செல்வம் என்னும் 101ஆம் அதிகாரத்தில் வைத்தார். கணவனின் வருவாய்க்குத் தக்கவாறு வாழும் பண்பையோ, மனைவியைப் பற்றிய வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறளிலேயே வைத்துவிட்டார். அரசனுக்குச் சொன்னபோது ஆட்சித் திறனாக விளங்கியது, மனைக்குள் வந்தபோது மனைவியின் கடமையாயிற்று. இப்பங்கீடு இன்றுவரை பெரிதும் மாறவில்லை. வீட்டில் செலவு மிகுந்தால், “அவளுக்குக் குடித்தனம் பண்ணத் தெரியவில்லை” என்பதே ஊர்ப்பேச்சு. மிகுந்த செலவைச் செய்தவர் யார் என்று ஊர் வினவுவதில்லை.

மலேசியத் தமிழரின் சிக்கனம் இரப்பர்த் தோட்டத்து லயங்களில் பழகியது. லயத்தின் பின்புறம் காய்கறிப் பாத்தி, ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, சிலர்க்கு மாட்டுக் கொட்டகை, பலர்க்குக் கோழிக்கூண்டு, வீட்டுக்கு வீடு ஒரு நாய். இவை தனித்தனித் தொழில்களாக இருக்கவில்லை. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை கோழிக்குப் போயிற்று. சாணம் பாத்திக்கு உரமாயிற்று. விறகடுப்புச் சாம்பலில் பாதி பாத்திரம் துலக்கியது. மீதி கறிவேப்பிலைத் தூரில் விழுந்தது. பழைய சோறும் மீன்தலையும் நாய்க்கு. அந்த நாயோ இரவெல்லாம் கண்விழித்து, மரநாய் கோழிக்கூண்டை அண்டாமல் காத்தது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிய அவ்வட்டத்தில் வீணென்று கொட்டப்பட்டது மிகக் குறைவே. 1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதான காலத்தில், மரவள்ளிக் கிழங்கு பசி தீர்த்ததைக் கண்ட தலைமுறை அது. ஒரு சாண் பாத்தியின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அந்நாளைய தோட்ட வாழ்வைப் போற்றி எழுதுவோர் இவ்வட்டத்தை வியந்து நிறுத்திக்கொள்கின்றனர். வட்டம் தானாகச் சுழன்றதா? பிரட்டுக்கு முன்னே எழுந்து சோறாக்கியவளும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கணவனோடு ஒப்பப் பால்மரம் வெட்டியவளும், திரும்பி வந்து தண்ணீர் சுமந்தவளும், கோழிக்குத் தீனி வைத்தவளும் ஒருத்தியே. ஆண்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். புல்லறுத்தவரும் பால் கறந்தவரும் வேலி கட்டியவரும் பலர். ஆனால் அவர்தம் வேலைக்கு மாலையில் ஒரு முடிவு இருந்தது. அதன்பின் பந்து திடலோ கோயில் முற்றமோ கள்ளுக்கடையோ இருந்தது. அவளுக்கு அம்முடிவு இல்லை. விளக்கணைத்துப் படுக்கும்போது வேலை நின்றது, முடியவில்லை.

அந்தச் சேமிப்பு வீண்போகவில்லை என்பதும் உண்மையே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டு அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அவ்வெள்ளிகளுள் எத்தனை முட்டை விற்ற காசு, எத்தனை மோர் விற்ற காசு என்று வரலாறு பிரித்துக் காட்டுவதில்லை.

இன்று தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டணத்துத் தரைவீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றனர். மாடில்லை, சாணமில்லை, விறகடுப்பில்லை. வட்டம் அறுந்துவிட்டது, பழக்கம் மட்டும் அறவில்லை. நல்ல பழக்கந்தான், ஆனால் முன்னர் ஒரு வேலை மூன்று பயன் தந்தது, இன்று மூன்று வேலைகள் ஒரு பயனைத் தருகின்றன. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை முடித்து வரும் தாய், பசார் மாலாமில் கடை கட்டும் நேரம் பார்த்துச் சென்று விலை குறைந்த கீரையை வாங்குகிறாள். சலவை இயந்திரத்தின் கடைசி நீரை வாளியில் பிடித்து அஞ்சடியைக் கழுவுகிறாள். கிழிந்த பள்ளிச் சீருடையைத் தைக்கிறாள். மிளகாய்த் தொட்டிக்கு நீர் ஊற்றுகிறாள். நாய் கட்டிய இடத்தைக் கழுவி அதற்குச் சோறு பிசைகிறாள். மறுநாள் பொட்டலம் வாங்காதிருக்க இரவே காய் நறுக்கி வைக்கிறாள். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சிறு வேலையே. அடுக்கிப் பார்த்தால் இரவு மணி பதினொன்று.

இதனைக் கூலிக்கணக்காகவும் பார்க்கலாம். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. மூன்று வெள்ளி மிச்சம் பிடிக்க ஒரு மணிநேரம் அலைகிறவள், சட்டம் விதித்த கடைசிக் கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உழைக்கிறாள். எந்த முதலாளியாவது அக்கூலி கொடுத்தால் தொழிற்சங்கம் வாயிலில் நிற்கும். இவளுக்கோ கிடைப்பது “சிக்கனக்காரி” என்னும் பட்டம்.

“இரவு ஒன்பது மணிக்கு அவளுடைய நேரத்தை யார் விலைக்கு வாங்கப் போகிறார்கள்? விற்க முடியாத நேரத்துக்கு விலை ஏது?” என வினவுவாரும் உளர். வலிமையான மறுப்பே இது. விற்க முடியாதது உண்மை. ஆனால் அந்நேரத்தில் உறங்கியிருக்கலாம். பிள்ளையோடு அமர்ந்து படித்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் வாசற்படியில் காற்று வாங்கியிருக்கலாம். விலைக்குப் போகாதது எல்லாம் மதிப்பற்றது என்று கொண்டால், தாயன்பையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். “வீட்டு வேலை அன்பினால் செய்வது, அதற்குக் கணக்கா?” என்பது மற்றொரு மறுப்பு. அன்பினால் செய்வதாயின், அவ்வன்பு வீட்டில் மற்றவர்க்கு ஏன் அவ்வளவாகச் சுரப்பதில்லை என்பதற்கு விடை தேவைப்படுகிறது. கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூரில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 3.6 மணிநேரமும் ஆண்கள் 2.2 மணிநேரமும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. அரசும் இவ்வுழைப்பை ஓரளவு கண்டுகொண்டது. 2022ஆம் ஆண்டின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா செலுத்தினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் சொக்சோ ஈடு வழங்குகிறது. வழுக்கி விழுவதற்கு வீட்டிலும் இடமுண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. குடும்பங்கள் ஒப்புக்கொள்ளத்தான் நாளாகிறது.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் மனம் திறந்து பேசுதல் நன்று. 1974இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம், வெற்று நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்கியது. விலையேறும்போதெல்லாம் அந்நினைவு திரும்புகிறது. ஆயினும் தொட்டிக்கும் மண்மூட்டைக்கும் உரத்துக்கும் கொடுத்த பணத்தை எழுதி வைத்தால், சிமெண்டுத் தரையில் தொட்டி வைத்து வளர்த்த கத்தரிக்காய் சந்தைக் காயினும் விலை உயர்ந்ததாகவே பெரும்பாலும் முடியும். பயன் தருபவை சில: ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் கறிவேப்பிலை, முருங்கை, பாண்டான், கேட்பாரற்று வளரும் பசலை. இவற்றைச் சிக்கனத்தில் சேர்க்கலாம். ஏனையவை மகிழ்ச்சிக்கு உரியவை. மகிழ்ச்சிக்காகத் தோட்டம் போடுவதில் ஒரு குறையும் இல்லை. மகிழ்ச்சியைச் சிக்கனம் என்று பெயர்மாற்றிக் கணக்கில் எழுதுவதே குறை. பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விதை ஊன்றுபவர் ஒருவர். திங்கள் முதல் சனிவரை நீரூற்றுபவர் வேறொருவர். விருந்தினரிடம் தோட்டத்தைக் காட்டுபவர் முன்னவரே.

இனி, வீட்டு உயிர்கள். லயத்து நாய் உழைத்துண்டது. இன்றைய தரைவீட்டு நாய்க்குக் காக்கக் கோழி இல்லை. இரும்புக் கதவு காவலை ஏற்றுக்கொண்டது. பூனைக்கோ எலியைவிடப் புட்டித் தீனி சுவையாகப் பழகிவிட்டது. வரவு நோக்கிப் பார்த்தால் இவ்வுயிர்கள் முழுச் செலவு. ஆகவே நெருக்கடி வரும்போது வீட்டில் முதலில் எழும் யோசனை, “நாயை எங்கேயாவது விட்டுவிடலாம்” என்பதே. சந்தைப் பக்கத்திலும் செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும் கழுத்துப்பட்டையோடு அலையும் நாய்கள் இவ்யோசனையின் விளைவுகள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர்க்கு அவ்வுயிரைப் பேணும் பொறுப்பு உண்டென விதிக்கிறது. சிங்கப்பூரிலோ வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்ககங்களில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்து, 2024 செப்டம்பரில்தான் உரிமத்தோடு வளர்க்கலாம் என்றாயிற்று. உரிமம் பெற வேண்டும் என்ற விதியே, வளர்ப்பவர் பொறுப்பிலிருந்து எளிதில் நழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நாயை வாங்காதிருப்பது சிக்கனம். வாங்கிய நாயை விடுவது சிக்கனம் ஆகாது. கொடுத்த வாக்கை மீறிக் கடனைத் தள்ளுவது அது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வீட்டில் செலவைக் குறைக்கும்போது வெட்டு எங்கே முதலில் விழுகிறது? தந்தையின் சிகரெட்டில் விழுவதில்லை. கேட்டால் கோபம் வரும். மகனின் கைப்பேசிக் கட்டணத்தில் விழுவதில்லை, முகம் தொங்கிப்போகும். தாயின் மீன்துண்டில் விழுகிறது. அவள், “எனக்குக் குழம்பு போதும்” என்பாள். அவளுடைய கண் பரிசோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அதன்பின் நாயின் சோற்றில் விழுகிறது. அதற்குச் சொல்லவும் தெரியாது. வாய் திறவாதவரிடம் எடுப்பது எளிதாக இருக்கிறது. எளிதாக இருப்பதனாலேயே அதனைச் சரியென்று வீடு எண்ணிக்கொள்கிறது. கருமி தன்னிடமிருந்தே எடுத்துத் தானே பூட்டி வைக்கிறான்; அவனால் கெடுபவன் பெரும்பாலும் அவனே. பேசாதவரிடமிருந்து எடுத்துப் பேசுகிறவர்க்கு வசதி செய்யும் சிக்கனத்தை அதனினும் மேலானது என்று சொல்ல இயலுமா?

சிக்கனத்தைக் கைவிடுக என்பதன்று இங்கே கருத்து. இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியில் கை வறளும் வீடுகளுக்கு அவ்வாறு சொல்வது பொறுப்பற்ற பேச்சு. செய்யக்கூடியது சிறிது, ஆனால் கடினமானது. மாதத்தில் ஒருநாள் வரவு செலவு பார்க்கும் வழக்கமுடைய குடும்பங்கள் உண்டு. அப்புத்தகத்தில், மிச்சம் என்று எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் எதிரே, அதனை மிச்சப்படுத்த யார் எவ்வளவு நேரம் கொடுத்தார் என்றும் எழுதலாம். எழுதும் கை தாயின் கையாக இல்லாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையாக இருப்பின் மிக நன்று. கூட்டல் கழித்தல் அறிந்த பிள்ளைக்கு அப்பக்கத்தைப் படிக்க உரை வேண்டியதில்லை. கீரைக்கு மூன்று வெள்ளி மிச்சம், அம்மா, ஒரு மணிநேரம். தொட்டிச் செடிகளுக்கு நீர், அம்மா, நாள்தோறும் கால்மணி. நாய்க்குச் சோறும் கழுவலும், அம்மா, நாள்தோறும் அரைமணி. அப்பக்கம் நிரம்பியபின், எந்த வேலையை நிறுத்துவது, எதனை யார் ஏற்பது, எதற்குப் பணமே கொடுத்துவிடுவது என்று அக்குடும்பம் பேசத் தொடங்கலாம். கசப்பான பேச்சாகவும் இருக்கக்கூடும். தோட்டத்தைத் தன்னுடையதென்று காட்டியவர் நீரூற்றும் வாளியையும் தூக்க வேண்டிவரும். நாய் வேண்டுமென்று அழுது வாங்கிய பிள்ளை, தேர்வு வாரத்திலும் அதன் தட்டைக் கழுவ வேண்டிவரும். தாயும், “நான் செய்தால்தான் சுத்தமாக இருக்கும்” என்னும் தன் வழக்கமான சொல்லைச் சில நாளுக்கு அடக்கிக்கொள்ள வேண்டிவரும்.