கோடிச் சேலை

பழைய படங்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சென்னை ராஜதானியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த புகைப்படங்கள். ஒரு பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். கீழே அவளுடைய சாதிப் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்தார். "கோடிச் சேலைடா அது. மடிப்புகூடக் கலையல. யாரு எடுத்துக் குடுத்தாங்களாம்?" பெரியப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தவர், துணி விஷயத்தில் பெரியம்மாவின் கண் தப்பாது. பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முதல் அந்த மடிப்புதான்.

முழங்காலுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு. ஒரு சாண் கீழே இன்னொன்று. கட்டிப் பழகிய சேலை உடம்போடு இழையும். இது கஞ்சி விறைப்போடு அவளைவிட்டு விலகி நிற்கிறது. பாதங்களிலோ வெடிப்பு. அந்தப் பாதத்துக்கும் இந்தச் சேலைக்கும் நடுவே யாரோ ஒருவர் வந்து போயிருக்கிறார்.

சாதிப் பெயர் மட்டும் போட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 1868 முதல் 1875 வரை லண்டனில் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங் பிரபுவும் மனைவியும் தங்கள் நினைவுக்காகச் சேர்க்கத் தொடங்கிய படங்கள், 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கத்தின் வேலையாகி, குடிமக்களைச் சாதிவாரியாக அடுக்கிக் காட்டும் பதிவாக முடிந்தன. தொகுத்தவர்களில் ஒருவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். இதே வாட்சன்தான் 1866இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக்கியவர். அப்படி 20 செட் தயாராயின. 13 செட் பிரிட்டனிலேயே தங்கின. இந்தியர் எதை எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்த்து அங்குள்ள ஆலைக்காரர்கள் நெய்து அனுப்பலாம் அல்லவா? முகங்களையும் துணிகளையும் ஒரே ஆள் சேகரித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. முக்காலிப் பெண் கட்டியிருப்பது உள்ளூர்த் தறியில் நெய்ததா, கப்பலில் வந்ததா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சுப் புள்ளிகள்தான் தெரிந்தன.

ஆட்களைச் சாதிவாரியாக அடுக்கிக் காட்டும் வழக்கம் கேமரா வருவதற்கு முன்பே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் ஒவ்வொரு சாதிக்கும் கணவன் மனைவியாக ஜோடி ஜோடியாய் வரைந்து கொடுத்தார்கள். முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தலைப்பாகை மாறும், சேலைக் கட்டு மாறும், கையிலிருக்கும் தொழிற்கருவி மாறும். ஆளை அடையாளம் காட்ட உடுப்பே போதும் என்று எல்லோருமே நம்பிய காலம்.

அப்படி நம்பியதால்தான் உடுப்புக்காக அடிதடி நடந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பள்ளி நாட்களில் எதிலோ படித்தது பாதிதான் நினைவிருக்கிறது. ஆனால் அதன் முடிவு மறக்கவில்லை. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று ஆணையிட்டார். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மானத்துக்கு அனுமதி உண்டு, சமத்துவத்துக்கு இல்லை. ஒரு துணியின் கட்டுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறதென்றால், புதுச்சேலையை ஒரு பெண்ணிடம் நீட்டி "இதைக் கட்டிக்கொண்டு உட்கார்" என்பதைச் சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்வது?

இப்படிக் கோபம் ஏறும்போதெல்லாம் அம்மாவின் படம் குறுக்கே வருகிறது. கல்யாணமான புதிதில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுச்சேலை எதிர்வீட்டு மாமியுடையது, அட்டிகை இன்னொருத்தருடையது. சிறு வயதில் நான் அதைக் கேலி செய்தபோது, "இரவல்னா என்ன? கட்டினது நான்தானே" என்றாள். அந்தப் படத்தில் அவள் முகத்தில் இருக்கும் நிமிர்வை அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. முக்காலிப் பெண்ணும் அப்படி ஆசைப்பட்டுக் கேட்டிருக்கலாம். "கிழிசலோடு உட்கார மாட்டேன், புதுசு கொடுத்தால் வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அவள் வாய் இறுகியிருப்பதை வைத்துப் பயம் என்று முடிவுகட்டவும் முடியவில்லை. அசையாமல் இருக்கச் சொன்னால் யார் வாயும் இறுகத்தான் செய்யும்.

படம் எடுத்து முடிந்ததும் அந்தச் சேலையோடு வீட்டுக்குப் போக விட்டார்களா? இல்லை, அவிழ்த்து வாங்கி, மடித்து, அடுத்து வந்தவளுக்குக் கொடுத்தார்களா? முதலாவதென்றால் அது கூலி, ஒருவேளை மரியாதையும்கூட. இரண்டாவதென்றால் அவள் ஒரு துணி தாங்கி. இந்த இரண்டில் எது என்று மடிப்பு சொல்லவில்லை. எனக்கும் ஒரு பக்கம் சாயத் துணிவில்லை.

ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் படத்தை இன்று மறுபடி அச்சிடுகிறவர்கள், காட்சிக்கு வைக்கிறவர்கள், அன்று எழுதிய சாதிப் பெயரை அப்படியே அடியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. "இவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.