சிக்கனமும் உலோபமும்



1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மலையகத் தோட்டங்களில் நம்மவர் பட்ட துன்பத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2022இல் எரிவாயு இல்லாதபோது கண்டி நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு எரிந்தது. உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துவதும் நமக்குப் பழகிய சிக்கனமே. இதில் இழிவில்லை.

ஆயினும், தந்தையின் சாராயச் செலவு குறையாதிருக்க, தாயின் சோற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. அது உலோபத்திலும் கொடிய பாவம். அவ்வீட்டில் இலக்குமி தங்குவாளா?

இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றை நினையுங்கள். வறுமையுற்ற காலத்தில், மழையிரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வாரி வந்தார். கூரையை அறுத்து விறகாக்கினார். வழி சொன்னவரும் சமைத்தவரும் மனைவியாரே. குறையை இருவரும் சேர்ந்தே சுமந்தனர். அதனால் இறைவன் இருவருக்குமே காட்சி கொடுத்தருளினான்.

ஆகவே, வீட்டில் எதைக் குறைத்தாலும் எல்லோரும் கூடிக் குறைப்போம். உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டு, பசித்த அயலவருக்கு வழங்குவோம். நாம் மிச்சம் பிடித்ததில் இறைவன் கணக்கில் ஏறுவது அந்தப் பிடியரிசியே.

எல்லோருக்கும் விநாயகப் பெருமான் திருவருள் கிட்டுவதாக!