நாளைய கட்டிலும் இறைப்பராமரிப்பும்

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பி, முதுகுப்பையோடு வாரக்கணக்கில் நடந்து வரும் யாத்திரிகர்கள், வழியெங்கும் 'அல்பெர்கே' எனப்படும் எளிய விடுதிகளில், பலர் சேர்ந்து உறங்கும் கூடத்தில் ஒரு கட்டிலைப் பெற்று இரவைக் கழிக்கின்றனர். கலிசிய மாநில அரசின் விடுதிகள் முன்பதிவை ஏற்காமல் வந்த வரிசைப்படியே இடம் தர, தனியார் விடுதிகளோ தொலைபேசியிலும் இணையத்திலும் பதிவு செய்துகொள்வதால், நாளைய கட்டிலை இன்றே உறுதிசெய்துகொள்வது யாத்திரை நெறிக்கு ஒத்ததுதானா என்னும் கேள்வி நடப்போரிடையே தீராமல் இருந்துவருகிறது.

ஒவ்வாது என்போருக்கு ஆதாரம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம்: நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டாமென்று இயேசு அங்கே போதிக்கிறார். படைத்த உயிர்களை இறைவன் இடையறாது பேணி நடத்துகிறான் என்னும் இறைப்பராமரிப்புக் கோட்பாட்டை ஏற்றவர், மாலைக்குள் ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பி நடப்பதே முறை என்பது அவர்கள் வாதம். ஆனால் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், தம் 'சும்மா தியோலாஜியா'வில் எதிர்காலக் கவலையை ஆராயும்போது, எறும்பின் சேமிப்பை விவிலியம் புகழ்வதையும் கருத்தில் கொண்டு, ஒவ்வொரு காலத்துக்கும் அதற்குரிய அக்கறை உண்டென்றும், கோடையில் அறுவடையை எண்ணுவது தகும், இலையுதிர்காலத்துத் திராட்சைப் பறிப்பை அப்போதே எண்ணிக் கலங்குவதே தகாது என்றும் வரம்பு கட்டுகிறார். இவ்வளவுகோலின்படி, நாளை மாலைக்கு இன்றிரவு பதிவு செய்வது விவேகம்; புறப்படுமுன்னரே முழுப் பாதைக்கும் பதிவு செய்துவிட்டு, காலில் கொப்புளம் கண்டபோதும் அட்டவணைக்கு அடிமையாய் நடப்பது அவர் விலக்கிய கவலை.

பதிவு செய்யாதவர் கவலையற்றவர் என்பதும் சரியன்று. நடந்து வருவோர் யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் பெறக் குறைந்தது கடைசி 100 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதால், அத்தொலைவுக்குச் சற்று முன்னுள்ள சாரியா ஊரிலிருந்து கூட்டம் பெருகுகிறது. அங்கே விடியுமுன் விளக்கேந்திப் புறப்பட்டு, பிறரை முந்தி விடுதி வாசலை அடைய விரைவோர் பலர். கட்டிலுக்கான இந்த ஓட்டத்தை நம்பிக்கையின் பெயரால் போற்றுவது கடினம்.

உண்மையில் இது தனிமனித நம்பிக்கையைவிட நீதியைச் சார்ந்த கேள்வி. வந்த வரிசைமுறை ஏழைக்கு உதவுவதாகத் தோன்றினாலும் இளங்கால்களுக்கே பெரிதும் சாதகமாகிறது. முன்பதிவோ மெதுவாக நடக்கும் முதியவரைக் காத்தாலும், கைப்பேசியும் பணமும் இல்லாதவரை வெளியே நிறுத்துகிறது. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லும் புனித பெனடிக்டின் துறவு விதி, வருபவர் முன்னறிவித்தாரா என்று கேட்பதில்லை. ஆதலால் இரு வகை விடுதிகளும் ஒரே பாதையில் இருப்பதே நல்ல ஏற்பாடு.

புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டு புனித ஆண்டாகக் கொண்டாடப்படும், அடுத்தது 2027. அவ்வாண்டில் நடப்போர், உடல் தளர்ந்தவராயின் ஓரிரு நாளுக்கு முன் பதிவு செய்வது குற்றமாகாது. வலுவுள்ளவர் பொதுவிடுதியின் கடைசிக் கட்டிலைப் பின்வருபவருக்கு விட்டு அடுத்த ஊருக்கு நடக்கலாம். பதிவு செய்தும் செல்லாதவர் அதை உரிய நேரத்தில் ரத்து செய்வது கடமை.