குடிக்கூலியும் உடைமைப் பற்றும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பிறரிடத்துப் பெற்று வாழ்வார் நம்மிற் பலர். வீடு விடுவார்க்கும் அதன்கட் குடிபுகுவார்க்கும் இடையே எழும் பிணக்கைத் தீர்த்தல் சட்டத்தின் கடமை. அப்பிணக்கின் வேரை ஆராய்தல் சமயத்தின் கடமையாம்.

முதற்கண் சட்டம் கூறுவதனைக் காண்பாம். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதிவு பெறுதல் வேண்டுமென விதிக்கின்றது. வேறு உடன்பாடு இல்லாவிடத்து, முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்படலாகாது. வீடு ஒழிந்தபின் உரிய கழிவு போக எஞ்சியதைத் திருப்பித் தருதல் வேண்டும். பிணக்கு நேர்ந்துழியும் வீட்டுடையவர் நீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. குடியிருப்பவரும், எழுத்து வழி இசைவு பெறாது உள்வாடகைக்கு விடலாகாது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். தனு கரண புவன போகம் அனைத்தும் இறைவன் உடைமை என்பது சித்தாந்தமாயின், 'இவ்வீடு எனது' என ஒருவர் கூலி கொள்ளுதலும் மற்றொருவரை வெளியேற்றுதலும் யாங்ஙனம் பொருந்தும் என்பது அது. இங்ஙனம் தத்துவம் பேசி வீட்டை ஒழியாதிருப்பாரும் உளராதல் கூடுமாகலின், இதற்கு விடை கூறுதல் இன்றியமையாதது.

எல்லாம் இறைவன் உடைமை என்னும் மெய்ம்மை, கேட்பவன் தன் பற்றை அறுத்தற்பொருட்டு உரைக்கப்பட்டது. அதனைப் பிறர் உரிமையை அழிக்கும் படைக்கலமாகக் கொள்ளுதல் தகாது. 'எல்லாம் சிவனுடையது' எனக்கூறி வீட்டைப் பற்றிக்கொண்டிருப்பவன், செயலளவில் அதனைத் தனது ஆக்கிக்கொள்கின்றான். முன்பணத்தைக் காரணமின்றி வைத்துக்கொள்ளும் வீட்டுடையவனும் அவ்வாறே பிறன்பொருளைத் தனது என்கின்றான். இருவர்மாட்டும் நின்று தொழிற்படுவது ஆணவம் ஒன்றே.

ஒருவரை உடையவர் என ஏற்றுக் குடிபுகுந்தவன், அங்கிருந்துகொண்டே அவருடைய அவ்வுரிமையை மறுக்கலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் கூறிய நெறி. அதன் இடத்தில் 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதனைக் கொண்டுள்ளது. உயிரோ இறைவன் அளித்த உடம்பினுள் இருந்துகொண்டே அவனது உடைமையை மறுக்கின்றது. 'யான், எனது' என்னும் செருக்கு அம்மறுப்பேயாம்.

இஃது ஒருபுடை உவமையே. வீட்டுடையவர் தம் பயன் கருதி விடுகின்றார். இறைவன் தனக்கென ஒன்றும் வேண்டாது, உயிர் மலம் நீங்குதற்பொருட்டே அளிக்கின்றான். மேலும், வழங்குதலான் நேரும் இயல்பான தேய்விற்குக் குடியிருப்பவன் பொறுப்பாளியல்லன் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறும் நெறி. உடம்பு மூத்துத் தளர்தற்கும் உயிர் நாணவேண்டுவதில்லை. இருந்த நாளில் அதனை எதன்பொருட்டு வழங்கிற்று என்பதே வினாவாம்.

ஆகலின், வீட்டுடையவராயின் முன்பணத்தை அடைக்கலப் பொருளாகக் காக்க. குடியிருப்பவராயின் குறித்த நாளில் திறவுகோலை இன்முகத்தோடு ஒப்புவிக்க. பிறர் வீட்டை மனங்கோணாது விடப் பழகியவர்க்கே, இறைவன் தந்த இவ்வீட்டை விடுங்காலும் கலக்கமின்றி அவன் திருவடியை நினைத்தல் கூடும்.

திருச்சிற்றம்பலம்.