கருங்கோட்டில் ஒரு மரணம்: நுண்ணோவியமும் பார்த்தலின் அறமும்

முன்னுரை

பிறர் துன்பத்தை ஓவியமாக்கும் உரிமை ஓவியனுக்கு உண்டா என்பது கலையியலும் அறவியலும் ஒருங்கே எதிர்கொள்ளும் வினாவாகும். வரையப்படுபவர் இறக்கும் தறுவாயில் இருப்பாராயின் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஆணைப்படி 1618ஆம் ஆண்டில் வரையப்பெற்ற இனாயத் கானின் உருவப்படத்தை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

ஆணையும் ஓவியமும்

இனாயத் கான் பேரரசரின் அணுக்கப் பணியாளர். அபினும் மதுவும் அவருடலை உருக்கியிருந்தன. ஆக்ரா செல்ல விடை வேண்டிய அவர் பல்லக்கில் வைத்துக் கொண்டுவரப்பட்டார். அவரைக் கண்டு தாம் வியந்ததை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பாகிய 'ஜஹாங்கீர்நாமா'வில் பதிவு செய்துள்ளார். மெலிந்த உருவங்களை வரைவதில் ஓவியர் பெரிதும் முயன்றுள்ளனர். எனினும் இத்தகைய மெலிவைத் தாம் கண்டதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். எனவே அவ்வுருவை வரையுமாறு ஓவியர்களைப் பணித்தார். வழிச்செலவுக்குப் பொருளும் அளித்தார். சின்னாளில் இனாயத் கான் மறைந்தார். அவரது இசைவு பெறப்பட்டதாக நூல் கூறவில்லை.

இவ்வுரு இருவகையில் கிடைக்கிறது. நேரிற்கண்டு வரைந்ததாகக் கருதப்பெறும் கோட்டோவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது.

கோடும் வண்ணமும்

வண்ண ஓவியத்தில் விரிப்பும் திண்டுகளும் பார்வையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கோட்டோவியத்தில் அத்தகைய புகலிடம் இல்லை. பருத்த திண்டுகளின் நடுவே, திறந்த ஆடைக்குள் எலும்புகள் புடைத்த மார்பும் குழிந்த முகமும் மட்டுமே கண்ணுக்கு எஞ்சுகின்றன. மையால் வரைந்து, சிறிதளவே வண்ணம் தோய்க்கும் முறையைப் பாரசீக மரபு 'நீம் கலம்', அதாவது பாதி எழுதுகோல், என வழங்கியது. அணில்முடித் தூரிகையின் நுனியால் இழையிழையாக உருவை எழுப்பும் இத்தொழிலுக்குப் பொறுமை இன்றியமையாதது. அரசர் வியந்து நோக்கியது சிறுபொழுது. ஓவியன் ஒவ்வொரு விலா எலும்பையும் தனித்தனியே நோக்க வேண்டியிருந்தது.

மருட்கையும் இளிவரலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. பிணியை இளிவரலின் நிலைக்களனாகக் கொள்கிறது. ஜஹாங்கீரிடம் தோன்றியது புதுமை பற்றிய மருட்கை. 1621இல் அவைக்கு வந்த வரிக்குதிரையை மன்சூரைக் கொண்டு வரையச் செய்ததும் இத்தகைய வியப்பே. விலங்கை நோக்கிய அதே ஆர்வத்துடன் மனிதனை நோக்கியது அறப்பிழை எனலாம். தாமும் மதுவுக்கும் அபினுக்கும் ஆட்பட்டிருந்ததை அவரே அந்நூலில் ஒப்புக்கொள்வதால், அவ்வுடலில் அவர் தம்மையும் கண்டிருக்கக்கூடும் என வாதிடலாம். ஆயினும் அவர்தம் குறிப்பு அத்தகைய எண்ணத்தை வெளிப்படுத்தவில்லை.

ஓவியம் எச்சரிக்கையாகப் பயன்படும் என்னும் வாதமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஒருவரது துன்பம் பிறருக்குப் பாடமாவதால் அவரது இசைவின்மை ஈடுசெய்யப்படுவதில்லை. ஓவியனின் உழைப்பும் அப்பிழையைத் துடைத்துவிடாது. அவன் மறுக்கவியலாப் பணியாளனாக இருந்தமை அவனது பொறுப்பைக் குறைக்கலாம். இனாயத் கானுக்கு நேர்ந்ததை அது மாற்றாது. எனினும் படத்தில் இகழ்ச்சியோ மிகையோ இல்லை. ஆணையில் இல்லாத மதிப்பு கோட்டில் இருக்கிறது.

முடிவுரை

ஒரு சாண் நீளமும் இல்லாத தாள் இது. சுவரில் மாட்டித் தொலைவிலிருந்து காண்பதற்குரியதன்று. கையில் ஏந்தி, முகத்தருகே கொணர்ந்து காண்பதற்குரியது. எனவே பார்ப்பவர் இறப்பவரின் படுக்கையருகே நிறுத்தப்படுகிறார். அரசரின் பிழை அங்கே ஒவ்வொரு பார்வையாளருக்கும் நேரக்கூடியதாகிறது. வியப்போடு நின்றுவிடுபவர் அவ்வாணையை மீண்டும் ஒருமுறை பிறப்பிக்கிறார். ஓவியன் நோக்கிய அளவு பொறுமையாக நோக்குபவருக்கோ, மருட்கை தணிந்து, இனாயத் கான் என்னும் மனிதர் தெரியத் தொடங்குகிறார். வரைந்தவர் பெற்ற உரிமையைக் காட்டிலும் காண்பவர் ஏற்கும் கடமையே இவ்வோவியத்தின் அறத்தை இன்று தீர்மானிக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.