வழிகளும் தர்மமும்

நகர ரயில் அமைப்புகளின் தாங்குதிறனைப் பரிசீலிக்கும் நிபுணர்கள், ஒரு தடம் அடைபட்டால் மாற்றுத் தடம் உண்டா என்பதைக் கணித முறையில் ஆராய்கிறார்கள். ஆனால் அது யாருக்கு உண்டு என்று வினவத் தொடங்கிய கணத்திலேயே கணித சாஸ்திரம் தர்ம விசாரமாகிவிடுகிறது.

1904-இல் திறக்கப்பெற்ற நியூயார்க் சுரங்க ரயிலில், முக்கிய மார்க்கங்கள் பலவற்றில் நான்கு இருப்புப்பாதைகள் அமைத்து, விரைவு வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் தனி வழி வகுத்து, ஒன்று பழுதுற்றால் மற்றொன்று தாங்குமாறு செய்திருக்கிறார்கள். எனினும் அதன் 472 நிலையங்களில் பெரும்பாலானவை படிக்கட்டுகளையே நம்பி நின்றமையால், நடக்க வல்லவருக்குப் பல வழிகளைத் தரும் அதே வலை, சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒற்றை இழையாகி, மின்தூக்கி ஒன்று நின்றவுடன் அறுந்தும் போகிறது. வசதியற்ற நிலையங்களில் 95 சதவீதத்தை 2055-க்குள் சீர்படுத்துவதாக நிர்வாகம் 2022-இல்தான் உடன்பட்டது.

பொதுப் பணத்தைச் சிலருக்காகச் செலவிடலாமா என்ற ஆட்சேபம் எழக்கூடும். மூப்பும் பிணியும் எவரையும் விட்டுவைப்பதில்லையாதலால், அந்தச் சிலர் நாளைய நாமே என்பது ஒரு சமாதானம். ஆயினும் அது சுயநலத்தின் சமாதானமே. 1971-இல் தத்துவஞானி ஜான் ரால்ஸ் எழுதிய நீதிக் கோட்பாடு அதைவிட உயர்ந்தது: ஏற்றத்தாழ்வு எதுவாயினும், மிகப் பின்தங்கியவருக்கு நன்மை பயந்தாலன்றி அது நியாயமாகாது. அவ்வளவுகோலின்படி, சராசரிப் பயணியின் சௌகரியம் ஓர் அமைப்பின் பெருமையாகாது. மிகக் குறைந்த வழிகளை உடையவருக்கு எஞ்சும் வழிகளின் எண்ணிக்கையே அதன் மெய்யான மதிப்பு.